மாத்திரைக்குக் காலாவதி தேதி இருக்கு... டேப்லெட்டுக்கு?

2025 ஜனவரி ஒண்ணாந்தேதி காலைல ஏழரை மணி. மாயவரத்துல இருந்து அம்மா போன். புத்தாண்டு வாழ்த்து சொல்லத்தான் கூப்பிடறாங்கன்னு சந்தோஷமா எடுத்தா, குரலே சரியில்லை.

"டேய், நான் ஒண்ணுமே பண்ணலைடா. நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. காலைல பேத்திக்கு வாழ்த்து சொல்லலாம்னு வாட்ஸப்பைத் தொட்டா என்னமோ இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுது. உள்ளயே போக மாட்டேங்குது. நான்தான் எதையாச்சும் அமுக்கிக் கெடுத்துட்டேனா?"

மக்களே, இந்தப் பதிவு அந்தக் கடைசிக் கேள்வியைப் பத்தித்தான். ஒரு பொருள் வேலை செய்யாம போனா நம்ம வீட்டுப் பெரியவங்க முதல்ல சந்தேகப்படறது அந்தப் பொருளை இல்லை, தங்களை. மிக்சி ஓடலைன்னா மிக்சியைத் திட்டுவாங்க. கிரைண்டர் நின்னா கரண்டுக்காரனைத் திட்டுவாங்க. ஆனா இந்தத் தொடுதிரை சமாச்சாரம் நின்னா மட்டும் "நான்தான் என்னமோ பண்ணிட்டேன்"னு ஒரு குற்ற உணர்ச்சி. அது தப்புன்னு சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அந்த டேப்லெட் நான் 2014-ல வாங்கிக் கொடுத்தது. ஏழு இஞ்ச், சிம் போடற வகை, ஆண்ட்ராய்டு 4.4. கம்பெனி பேர் வேணாம், கேஸ் போட்டுடப் போறாங்க :-) அம்மாவுக்கு அதுல மூணே மூணு வேலை. வாட்ஸப், பழைய பாட்டு, காலைல ராசிபலன். பதினோரு வருஷம் ஓடியிருக்கு. ஒரு ஓரத்துல கண்ணாடி விரிசல், பின்னாடி செலோ டேப், அவ்வளவுதான்.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, அன்னிலேர்ந்து ஆண்ட்ராய்டு 4.4-லயும் அதுக்கு முந்தைய பதிப்புகள்லயும் வாட்ஸப் ஓடாது, குறைஞ்சது 5.0 வேணும். முன்கூட்டியே அறிவிச்சுத்தான் நிறுத்தினாங்க. அம்மாகிட்ட விசாரிச்சா, "ஆமாண்டா, கொஞ்ச நாளாவே ஒரு பெட்டி வந்துச்சு. ஓகேன்னு போட்டிருந்துச்சு, அமுக்கினேன், போயிடுச்சு"ன்னாங்க. டேப்லெட்டோட மொழியை இங்கிலீஷ்லயே விட்டு வச்சது நான். பதினோரு வருஷத்துல ஒரு தடவை அமைப்புகளுக்குள்ள போய்த் தமிழுக்கு மாத்தத் தோணலை. ஐயா தமிழ்ல பதிவு எழுதுவாராம், அம்மாவோட டேப்லெட் மட்டும் இங்கிலீஷ்ல பேசுமாம். என்னை நானே ரெண்டு கொட்டு கொட்டிக்கிட்டேன்.

அடுத்த நாள்தான் விஷயம் சீரியஸ் ஆச்சு. அம்மா சும்மா இருக்காம டேப்லெட்டைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போயிட்டாங்க. கடைப் பையன் பார்த்துட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ஃபேக்டரி ரீசெட் போட்டா புதுசு மாதிரி ஆயிடும். முந்நூறு ரூபா"ன்னிருக்கான். நல்லவேளை, "என் பையனைக் கேட்டுக்கறேன் தம்பி"ன்னு எனக்குப் போன் போட்டாங்க. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டிருந்தவன் அப்படியே எந்திரிச்சு நின்னு கத்தினேன். "அம்மா! அவன்கிட்டேர்ந்து அதை முதல்ல வாங்கு!"

ஏன் கத்தினேன்னு சொல்றேன். எங்கப்பா 2018-ல தவறிட்டார். அதுக்கு முந்தின வருஷம் தங்கச்சி பிரசவத்துக்காக அம்மா மூணு மாசம் கோயமுத்தூர்ல இருந்தாங்க. அப்பா மாயவரத்துல தனியா சமையல். டைப் பண்ண அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால தினமும் சாயங்காலம் வாட்ஸப்புல குரல் பதிவா அனுப்புவார். "இந்தா பாரு, ரசத்துக்குப் புளி எலுமிச்சங்காய் அளவா, நெல்லிக்காய் அளவா?" இந்த ரேஞ்சுலதான் எல்லாமே. அவர் உயிரோட இருந்தப்ப அதை யாரும் பொக்கிஷம்னு நினைக்கலை. இப்ப அவர் குரல் இருக்கிற ஒரே இடம் அந்த செலோ டேப் ஒட்டின டேப்லெட்தான். காப்பி எடுத்து வைக்கணும்னு ஏழு வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன். நினைச்சுக்கிட்டே மட்டும்தான்.

ரீசெட் போட்டிருந்தா உள்நினைவகத்துல இருக்கிற எல்லாமே போயிருக்கும். சரி, போனதுக்கு வாட்ஸப்பாவது வந்திருக்குமா? வராது. ஏன்னா கெட்டுப்போனது டேப்லெட் இல்லை. எதிர்ப்பக்கம் கதவைச் சாத்திட்டாங்க. இந்தப் பக்கம் எவ்வளவு கழுவித் துடைச்சாலும் அந்தக் கதவு திறக்காது.

இன்னொரு கொடுமையும் இருக்கு. பழைய டேப்லெட்ல ஏற்கனவே போட்டு ஓடிக்கிட்டு இருக்கிற பழைய ஆப்களை ரீசெட்டுக்கு அப்புறம் திரும்ப ஏத்த முடியும்னு உறுதி கிடையாது. பிளே ஸ்டோர்ல தேடினா "உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது"ன்னு வரும். புது டேப்லெட்டுக்கு ரீசெட் ஒரு மருந்து. பழசுக்கு அது மொட்டை அடிக்கிற மாதிரி, ஆனா முடி திரும்ப வளராது. அதனால என் முதல் கருத்து: பழைய டேப்லெட்ல ரீசெட் போடறது கடைசி வழி கூட இல்லை. உள்ள இருக்கிறதை எல்லாம் வெளில எடுத்து வச்சுட்டு, யாருக்காவது கொடுக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை அது.

அப்ப திடீர்னு ஆப் நின்னா என்னதான் செய்யறது? என் அனுபவத்துல இந்த வரிசைல பார்த்தா போதும்.

1. தேதி. அலமாரில ரொம்ப நாள் கிடந்து பேட்டரி சுத்தமா வடிஞ்சிருந்தா தேதி எங்கயோ பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். இணையத்துல பாதுகாப்பான தொடர்பு எல்லாமே சான்றிதழை வச்சுத்தான் நடக்குது. அதுக்கு 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை'ன்னு கணக்கு உண்டு. டேப்லெட் தன்னை 2012-ல இருக்கிறதா நினைச்சா, இன்னிக்குச் சான்றிதழ் எல்லாம் அதுக்கு எதிர்காலத்துச் சான்றிதழ். நம்ப மாட்டேங்கும். எல்லா ஆப்பும் ஒரே நேரத்துல இணையம் இல்லைன்னு அழுதா முதல்ல தேதியைப் பாருங்க. பாதி கேஸ் இங்கயே முடிஞ்சுடும்.

2. இடம். அந்தக் காலத்து டேப்லெட்ல எட்டு ஜிபிதான். அதுல பெரும் பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கும். மிச்சத்தை 'குட்மார்னிங்' ரோஜாப்பூக்கள் எடுத்துக்கும். இடம் தீர்ந்தா ஆப் திறந்த உடனே மூடிக்கும், அப்டேட் பாதில நிக்கும். ஒரு ஜிபியாவது காலியா இருக்கட்டும். (ரோஜாப்பூவை அழிச்சா அத்தை கோவிச்சுக்க மாட்டாங்க, நாளைக்கு வேற அனுப்புவாங்க.)

3. ஒரே ஒரு ஆப் மட்டும் தகராறு பண்ணினா, டேப்லெட்டை அணைச்சுப் போடுங்க. அப்பவும் சரியாகலைன்னா அமைப்புகள்ல அந்த ஆப்புக்குள்ள போய் 'கேஷ்' மட்டும் அழிங்க. பக்கத்துலயே 'டேட்டா'ன்னு இன்னொரு பொத்தான் இருக்கும். அதுல கை வச்சா லாகின், அரட்டை எல்லாம் போயிடும். கேஷ் அழிக்கிறது குப்பைக் கூடையைக் காலி பண்றது. டேட்டா அழிக்கிறது பீரோவையே காலி பண்றது.

4. வெப்வியூ. ஆப்புக்குள்ள இணையப் பக்கத்தைக் காட்டற உறுப்பு இது. ஆண்ட்ராய்டு 5-லேர்ந்து தனியா அப்டேட் ஆகும். 2021 மார்ச்சுல இதோட ஒரு அப்டேட் சொதப்பி, உலகம் பூரா புத்தம் புது போன்ல கூட ஜிமெயில் முதலான ஆப்கள் திறந்து திறந்து மூடிக்கிச்சு. கூகுள் திருத்தி விட்ட பிறகுதான் அடங்கிச்சு. அதுவரைக்கும் வெப்வியூவோட அப்டேட்டை நீக்கித்தான் ஜனங்க சமாளிச்சாங்க. அன்னிக்கு ரீசெட் போட்டவங்க எத்தனை பேரோ, பாவம். ஒரே நாள்ல நாலஞ்சு ஆப் சேர்ந்து விழுந்தா, ஒரு நாள் சும்மா இருந்து பாருங்க. சும்மா இருக்கிறதும் ஒரு ரிப்பேர்தான்.

5. இதெல்லாம் தாண்டியும் "அப்டேட் பண்ணு"ன்னு ஆப் சொல்லுது, "முடியாது"ன்னு ஸ்டோர் சொல்லுதுன்னா, புரிஞ்சுக்கங்க. கதவு சாத்தியாச்சு. அதே சேவை பிரவுசர்ல திறக்குதான்னு ஒரு தடவை பாருங்க. கண்ட இடத்துலேர்ந்து பழைய ஆப் ஃபைலை இறக்கிப் போடாதீங்க. பாதுகாப்பு அப்டேட்டே வராத கருவில அது திருடனுக்குச் சாவி கொடுக்கிற வேலை. அதுல பேங்க் கணக்கையும் திறக்க வேணாம்.

இன்னொரு விஷயம். பின்பக்கம் உப்பலா இருந்தா, மேல சொன்ன எதையும் செய்யாதீங்க. பேட்டரி வீங்கியிருக்கு. சார்ஜ் போடாம ஓரமா வச்சுட்டு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

ஐபேட் வச்சிருக்கவங்க சிரிக்க வேணாம். 2017-ல ஐஓஎஸ் 11 வந்தப்ப 32 பிட் ஆப் எல்லாம் ஒரே நாள்ல படுத்துச்சு. பழைய ஐபேட்ல ஒரு வசதி உண்டு, முன்னாடி வாங்கின ஆப்புக்கு அந்தக் கருவில ஓடக்கூடிய கடைசிப் பதிப்பை ஆப் ஸ்டோரே கொடுக்கும் (அது கைவசம் இருந்தா). ஆனா 2019-ல நாலாம் தலைமுறை ஐபேட்ல சிம் வகை வச்சிருந்தவங்க நவம்பர் 3-க்குள்ள 10.3.4 அப்டேட் போடலைன்னா ஜிபிஎஸ்ஸும் தேதியும் குழம்பி, மெயில் கூட வராதுன்னு ஆப்பிளே சொன்னாங்க. காரணம், ஜிபிஎஸ் வாரக் கணக்கை எண்ணற விதத்துல ஒரு சுத்து முடிஞ்சு பூஜ்யத்துக்குத் திரும்பறது. பயனர் அங்க என்ன தப்பு பண்ணினார்? காலண்டர் கிழிச்சதைத் தவிர?

இணையப் பக்கமே திறக்கலைங்கிற கேஸுக்கு ஒரு உதாரணம் சொல்றேன், நம்ம ஊர்க்காரங்களுக்கு டக்குனு புரியும். கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்கியிருக்கீங்கள்ல? இணையத்தளத்துக்கும் அதே கதை. யார் யார் கையெழுத்தை நம்பலாம்னு ஒரு பட்டியல் டேப்லெட்டுக்குள்ளயே இருக்கும், தொழிற்சாலைல எழுதினது. 'லெட்ஸ் என்கிரிப்ட்'னு ஓர் அமைப்பு இலவசமா சான்றிதழ் தருது. ஏகப்பட்ட சின்னத் தளங்கள் அதைத்தான் வச்சிருக்கு. அதுக்கு ஜாமீன் நின்ன பழைய கையெழுத்து 2021 செப்டம்பர் 30-ல காலாவதி ஆச்சு. புதுக் கையெழுத்து ஆண்ட்ராய்டு 7.1.1-லேர்ந்துதான் பட்டியல்ல இருக்கு. பழைய கருவிகளுக்காக ஒரு மாற்று ஏற்பாடு பண்ணி இழுத்துப் பிடிச்சாங்க. 2024-ல அதுவும் முடிஞ்சுது. ஆபீசர் ரிட்டையர் ஆயிட்டார், புது ஆபீசர் பேர் நம்ம பட்டியல்ல இல்லை. அவ்வளவுதான் மேட்டர். ஆனா திரைல வர்றது என்ன? "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது இல்லை." படிக்கிற பெரியவருக்கு என்னமோ தன் வீட்டுக்குள்ள திருடன் வந்த மாதிரி பதறும்.

சரி, யார் மேலதான் தப்பு? வாட்ஸப் மேல எனக்குக் கோபம் இல்லைங்க. ஆண்ட்ராய்டு 4.4 வந்தது 2013-ல. பதினோரு வருஷம் தாங்கிப் பிடிச்சிருக்காங்க. கூகுளே 2023-ல 4.4-க்கு பிளே சர்வீசஸ் அப்டேட்டை நிறுத்திட்டாங்க. பழைய பதிப்புல ஓட்டைகள் அடைக்கப்படாமலே கிடக்கும். ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் தனியா சோதனை பண்ணி ஆப் எழுதறது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்தப் பக்க நியாயம் எனக்குப் புரியுது.

என் கோபம் எல்லாம் டேப்லெட்டை வித்தவங்க மேலதான். நான் வாங்கின அதே 2014 நவம்பர்ல ஆண்ட்ராய்டு 5.0 வந்தாச்சு. அந்த ஒரே ஒரு அப்டேட்டைக் கொடுத்திருந்தா, 2025 ஜனவரி ஒண்ணாந்தேதி அம்மாவோட வாட்ஸப் நின்னிருக்காது. கொடுக்கலை. பதினோரு வருஷத்துல ஒரு அப்டேட் கூட வரலை. வராதுன்னு வாங்கறப்ப சொல்லவும் இல்லை. பெட்டில கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்.ஏ.எச்.னு எல்லாம் கொட்டை எழுத்துல இருந்துச்சு. எத்தனை வருஷம் பராமரிப்போம்ங்கிற ஒரு வரி மட்டும் இல்லை.

தலைவலி மாத்திரை அட்டைல காலாவதி தேதி இருக்கு. பால் பாக்கெட்ல இருக்கு. ஒரு ரூபா மிட்டாய்ல கூட 'இத்தனை மாசத்துக்குள்ள'ன்னு இருக்கு. மாத்திரைன்னா இங்கிலீஷ்ல டேப்லெட்தானே? அந்த டேப்லெட்டுக்கு ஒரு சட்டம், இந்த டேப்லெட்டுக்கு ஒரு சட்டமா?

நடக்காத காரியம் ஒண்ணும் நான் கேக்கலை. ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20-லேர்ந்து விதி அமலுக்கு வந்தாச்சு. ஒரு போனையோ டேப்லெட்டையோ விக்கறதை நிறுத்தின நாள்லேர்ந்து குறைஞ்சது 5 வருஷத்துக்கு அதோட இயங்குதள அப்டேட்டைத் தரணும், குறிப்பிட்ட உதிரி பாகங்கள் 7 வருஷம் கிடைக்கணும். நம்ம ஊர்ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர்ல 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு ஒரு இணையத்தளம் தொடங்கினாங்க. நல்ல ஆரம்பம். ஆனா ஸ்க்ரூவும் ஸ்பேர் பார்ட்டும் மட்டும் பழுது இல்லை, அப்டேட் நிக்கிறதும் பழுதுதான். "இந்தக் கருவிக்கு இந்த வருஷம் இந்த மாசம் வரை அப்டேட்" அப்படின்னு பெட்டில ஒரு வரி அச்சடிக்கச் சொல்லிச் சட்டம் போட்டா போதும். யாரும் ஏமாற மாட்டாங்க. நம்ம அம்மாக்களும் "நான்தான் கெடுத்துட்டேனா"ன்னு கேக்க மாட்டாங்க.

சரி, கதைக்கு வர்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வீட்டுல இருந்த மூணு கேபிளுமே சார்ஜ் மட்டும்தான் ஏத்துச்சு, டேட்டா போகலை. பக்கத்து வீட்டுல நாலாவதா ஒண்ணு வாங்கி மாட்டினேன். கம்ப்யூட்டர்ல டேப்லெட் தெரிஞ்சது. ஆப் திறக்கலைன்னாலும் அதோட கோப்புகள் எங்கயும் போகலை. வாட்ஸப் ஃபோல்டர், அதுக்குள்ள மீடியா, அதுக்குள்ள குரல் பதிவுகள். வாரக் கணக்குல ஃபோல்டர் பிரிச்சு வச்சிருக்கும். '201723'ன்னு ஒண்ணு இருந்துச்சு. 2017-ஆம் வருஷத்து இருபத்து மூணாவது வாரம்.

கை நடுங்கித்தான் திறந்தேன். மொத்தம் நூத்தி நாப்பத்திச் சொச்சம் பதிவு. எல்லாத்தையும் காப்பி பண்ணி, ரெண்டு இடத்துல வச்சு, தங்கச்சிக்கும் ஒண்ணு அனுப்பிட்டுத்தான் பொங்கல் சாப்பிட உக்காந்தேன். அம்மா வந்து பக்கத்துல நின்னாங்க. ஒண்ணைத் தட்டினேன்.

"இந்தா பாரு, பால்காரனுக்கு முப்பது நாளா, முப்பத்தோரு நாளான்னு கணக்கு சொல்லு, நின்னுக்கிட்டிருக்கான்..."

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "முப்பத்தொண்ணு"ன்னாங்க.

இப்ப அம்மாகிட்ட வேற போன் இருக்கு. தமிழ்ல வச்சுக் கொடுத்திருக்கேன். பழைய டேப்லெட்டைத் தூக்கிப் போடலை. வைஃபையைத் துண்டிச்சுட்டு, பாட்டை எல்லாம் அதுலயே ஏத்தி வச்சாச்சு. சமையல்கட்டுல ஜன்னல் ஓரமா பி. சுசீலா பாடிக்கிட்டு இருக்காங்க. இணையம் வேணாம்னு விட்டுட்டா அதுக்கு வயசே ஆகலை பாருங்க.

உங்க வீட்டு அலமாரிலயும் ஒண்ணு கிடக்கும். இன்னிக்கு ராத்திரி சார்ஜ் போட்டு, உள்ள என்ன இருக்குன்னு பார்த்துக் காப்பி எடுத்து வைங்க. ஆப் நின்ன பிறகு இல்லை, இப்பவே. அப்படியே பெத்தவங்களுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிடுங்க: "நின்னு போனா நீ கெடுத்ததா அர்த்தம் இல்லை. என்னைக் கூப்பிடு."

டிஸ்கி: அந்தக் கடைப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான். பொங்கலன்னிக்கு அந்தப் பக்கம் போனப்ப விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, இனிமே ரீசெட்டுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு கேட்டுடறேன்"ன்னான். டேட்டா போற கேபிள் ஒண்ணும் அவன்கிட்டயே வாங்கிட்டு வந்தேன் :-)